மழைக்காலப் படகுப் பழுது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வடகிழக்குப் பருவக்காற்று டிசம்பரில் தொடங்கி மார்ச் முற்பகுதி வரை வீசும் நம் சிங்கப்பூரில், சிறு படகு வைத்திருப்போர் அதைக் கரையேற்றிப் பழுது பார்க்கும் காலமும் அதுவே. குளிர்நாட்டுப் படகுக்காரர்கள் பனிக்காலம் முழுவதும் படகைப் பட்டறைக்குள் வைத்து வேலை பார்ப்பார்கள். அவர்களுக்காக எழுதப்பட்ட குறிப்புகளையும் அவர்களுக்காகத் தயாரிக்கப்பட்ட பொருள்களையும் நம்பி இங்கே பணம் இழந்தவர்களின் கடிதங்கள் இம்முறை நிறைய வந்துள்ளன.

கேள்வி: படகின் பின்புறம் வெளியே மாட்டும் என் 25 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சினுக்குக் ‘குளிர்காலப் பாதுகாப்புத் தொகுப்பு’ ஒன்றை 140 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) இணையக் கடை பரிந்துரைக்கிறது. உறைதடுப்புத் திரவமும் அதில் இருக்கிறது. வாங்கலாமா? — வாசகர், பாசிர் ரிஸ்

பதில்: வேண்டாம். எஞ்சினுக்குள் தேங்கிய நீர் உறைந்து, விரிந்து, உலோகத்தைப் பிளந்துவிடும் நாடுகளுக்கு உரிய திரவம் அது. சிங்கப்பூரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 19.4 பாகை செல்சியஸ், அதுவும் 1934ஆம் ஆண்டில். நம் எஞ்சினைக் கெடுப்பவை உப்பும் ஈரமும்தான். நன்னீர் விட்டு எஞ்சினை நன்றாகக் கழுவுங்கள். எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்ப் பம்பின் ரப்பர்ச் சக்கரத்தையும் கீழ்ப்பெட்டி கியர் எண்ணெயையும் மாற்றுங்கள். வடிக்கும் எண்ணெய் பால் கலந்ததுபோல் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். அந்த 140 வெள்ளியை, தண்ணீர் புகாமல் தடுக்கும் சீலை மாற்றுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் ஃபைபர் படகின் அடிப்பகுதியில் கொப்புளங்கள் இருந்தன. சென்ற டிசம்பரில் ஒரு பட்டறையில் 6,800 வெள்ளியை முன்பணமாகக் கட்டினேன். மேற்பூச்சைச் சுரண்டி, எப்பாக்ஸி என்ற இறுகும் பிசினைப் பூசி, ஒன்பதே நாளில் படகைக் கொடுத்துவிட்டார்கள். ஐந்து மாதத்தில் கொப்புளங்கள் திரும்ப வந்துவிட்டன. ‘அது உங்கள் படகின் வயது’ என்கிறார்கள். — வாசகர், ஈசூன்

பதில்: உங்களுக்கு இழைக்கப்பட்டது அநியாயம். படகின் வயதைக் காரணம் காட்டுவது அதைவிடப் பெரிய அநியாயம், ஏனெனில் வயதான படகு என்று தெரிந்துதான் அவர்கள் அந்த வேலையை ஒப்புக்கொண்டார்கள்.

கொப்புளம் வருவதன் காரணத்தைத் தெரிந்துகொண்டால் அவர்கள் செய்த தவறு உங்களுக்கே விளங்கும். பல ஆண்டுகள் நீரில் கிடக்கும் படகின் ஜெல்கோட் எனும் வெளிப்பூச்சு வழியாக நீர் மெல்ல உட்புகுந்து, ஃபைபரைப் பிணைத்திருக்கும், முழுமையாக இறுகாத பாலியெஸ்டர் ரெசினின் (பிசினின்) மிச்சப் பொருள்களைக் கரைத்துக்கொள்கிறது. அந்தக் கரைசல் மேலும் மேலும் நீரை இழுப்பதால் அழுத்தம் கூடி, பூச்சு வெளியே புடைக்கிறது. குத்திப் பார்த்தால் காடி வாடையுள்ள நீர் வடியும். ஆகவே பூச்சைச் சுரண்டியெடுத்த பின், அந்த இடத்தை நன்னீரால் திரும்பத் திரும்பக் கழுவி, ஈரமானியின் அளவு இறங்கி நிலைக்கும் வரை உலரவைத்து, அதன் பிறகே எப்பாக்ஸி பூச வேண்டும். உலர்வதற்கு வாரக்கணக்கில் ஆகும். சில படகுகளுக்கு மாதக்கணக்கிலும் ஆகும். நீங்கள் அனுப்பிய படத்தில் உள்ளது பக்கச் சுவர் இல்லாத கொட்டகை. அடிக்கடி மழை பெய்யும் டிசம்பரில் அத்தகைய இடத்தில் ஒன்பது நாளில் அந்த அடிப்பகுதி உலர்ந்திருக்க வழியே இல்லை. ஈரத்தை உள்ளே வைத்துத்தான் மூடியிருக்கிறார்கள்.

இனி யாரையும் அந்தக் கொப்புளங்களைத் தொடவிடாதீர்கள். தேதியுடன் படம் எடுத்துக்கொண்டு, பட்டறையோடு தொடர்பில்லாத படகு ஆய்வாளர் ஒருவரிடம் ஒரு பக்க அறிக்கையாவது வாங்குங்கள். பூசுவதற்கு முன் எடுத்த ஈர அளவுகளைத் தருமாறு பட்டறைக்கு எழுத்தில் கேளுங்கள். அவர்களிடம் அப்படி ஒரு பதிவே இல்லையென்றால் அதுவும் உங்களுக்குச் சாதகமான சான்றுதான். பதினான்கு நாள் கெடு கொடுத்துக் கடிதம் எழுதியும் பயன் இல்லாவிட்டால் பயனீட்டாளர் சங்கத்தை நாடுங்கள். அடுத்த படி சிறு கோரிக்கை நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை, பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் அங்கே கொண்டுசெல்லலாம். அங்கு வழக்கறிஞர்கள் வாதாடுவதில்லை என்பதால் அந்தச் செலவும் இல்லை. உங்கள் 6,800 வெள்ளி அந்த வரம்புக்குள் வசதியாக அடங்குகிறது. மனம் தளர்ந்து விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: குளியலறையில் பூசும் சிலிக்கான் பசை மிச்சம் இருக்கிறது. நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள வடிகால் பொருத்தியைச் சுற்றி அதையே பூசலாமா? — வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: கூடாது, அந்த இடத்துக்கென்றே செய்யப்பட்ட பாலியூரித்தேன் அல்லது பாலிசல்ஃபைடு பசையை வாங்குங்கள்.

கேள்வி: கைப்பேசிச் செயலியில் பார்த்து, 14 அடி ஃபைபர் படகை எஞ்சினோடு 5,200 வெள்ளி ரொக்கத்துக்கு வாங்கினேன். இரவு நேரம் என்பதால் சரியாகப் பார்க்கவில்லை. விற்றவர் நல்லவராகத் தெரிந்தார். ரசீது இல்லை. இப்போது எஞ்சின் மாட்டும் பின்பலகை உள்ளே உளுத்துப்போயிருக்கிறது. ‘லெமன்’ சட்டத்தின்கீழ்ப் பணத்தைத் திரும்பப் பெறலாமா? — வாசகர், தெம்பனிஸ்

பதில்: பெற முடியாது. குறையுள்ள பொருளை வாங்கியவருக்குப் பாதுகாப்புத் தர 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த அந்த ஏற்பாடு, வணிகம் செய்பவரிடம் பயனீட்டாளர் வாங்கும் பொருளுக்கே பொருந்தும். கடையில் வாங்கிய பழைய பொருளுக்கும் அது உண்டு. ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, கொடுக்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். தனிநபர் ஒருவர் தம் சொந்தப் படகை விற்றால் அந்தப் பாதுகாப்பு இல்லை. உங்களுக்கு எஞ்சியிருப்பது ஒரே வழிதான். ‘பின்பலகை புதிதாகப் போட்டது’ என்பதுபோல் அவர் பொய்யாக ஏதேனும் எழுதியிருந்தால், அந்தக் குறுஞ்செய்திகளைக் காட்டி நடுவர் மன்றத்தில் கோரலாம். அப்படி எழுதியிருக்கிறாரா என்று உங்கள் கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை.

ஐயாயிரம் வெள்ளியை இருட்டில் எண்ணிக் கொடுத்தவரிடம் நான் மென்மையாகப் பேச முடியாது. பகலில் போயிருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். பின்பலகையைத் திருப்புளியின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போனால், நல்ல இடத்தில் கணீரென்றும் உளுத்த இடத்தில் பொத்தென்றும் கேட்கும். எஞ்சினைச் சாய்த்து உயர்த்தி, அதன் கீழ்ப்பகுதியைக் கையால் அழுத்தும்போது பலகை அசைந்தால் அந்தப் படகை வாங்கக் கூடாது. கடல்துறை, துறைமுக ஆணையம் வழங்கிய உல்லாசப் படகு உரிமம் யார் பெயரில் இருக்கிறது என்றாவது பார்த்தீர்களா? விற்றவரின் பெயரும் உரிமத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால் உங்கள் தொல்லை இதைவிடப் பெரியது. நாளைக்கே அதைச் சரிபாருங்கள்.

நானும் ஒருமுறை 1,900 வெள்ளிக்குப் பழைய எஞ்சின் வாங்கினேன். நான் போய்ச் சேர்ந்தபோதே அது சூடாக இருந்தது. ஒரே இழுப்பில் கிளம்பியது. குளிர்ந்த நிலையில் கிளம்பாத எஞ்சினை முன்கூட்டியே சூடாக்கி வைத்திருக்கிறார்கள் என்பது வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் புரிந்தது. அன்று முதல், எஞ்சின் மூடியைத் தொட்டுப் பார்க்காமல் நான் விலை பேசுவதில்லை.

கேள்வி: என் படகின் பின்பலகை வேலைக்கு ஒட்டுப்பலகை தேடுகிறேன். 18 மில்லிமீட்டர் பலகை ஒரு கடையில் 90 வெள்ளி. இன்னொரு கடையில் ‘மரைன்’ (கடலுக்கு உரியது) என்று சொல்லி 160 வெள்ளி. உண்மையிலேயே வேறுபாடு உண்டா? — வாசகர், பொங்கோல்

பதில்: வேறுபாடு உண்டு. ஆனால் அந்த வேறுபாடு ‘மரைன்’ என்ற சொல்லில் இல்லை, பலகைக்குள் இருக்கிறது. இதை நான் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். இன்னும் பலமுறை சொல்ல வேண்டியிருக்கும். ‘மரைன்’ என்பது ஒரு தரநிலை அன்று. எந்தக் கடைக்காரரும் எந்தப் பொருளின்மீதும் ஒட்டக்கூடிய சொல் அது. பி.எஸ். 1088 என்பதுதான் கடல் ஒட்டுப்பலகைக்கான பிரிட்டிஷ் தரநிலை. அடுக்கி ஒட்டும் மெல்லிய தாள்கள் எந்த வகை மரத்தில் இருக்க வேண்டும், உள்தாள்களில் இடைவெளி எவ்வளவுக்குள் இருக்க வேண்டும், பசை கொதிநீரையும் தாங்க வேண்டும் என்பனவற்றை அது வரையறுக்கிறது. வெளிப்புறப் பயன்பாட்டுக்கான சாதாரணப் பலகையிலும் பசை நன்றாகவே இருக்கக்கூடும். அதன் குறை நடுத்தாள்களில் இருக்கும் பொந்துகள். ஒரு திருகாணித் துளை வழியாக நுழையும் நீர் அந்தப் பொந்துகளில் தேங்கி, மரத்தை உள்ளிருந்தே உளுக்கச் செய்யும். மேலே ஃபைபர் மூடியிருப்பதால் உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

நான் இதில் அடிபட்டவன். என் பதினாறு அடிப் படகுக்கு, முத்திரை குத்திய ‘மரைன்’ பலகை இரண்டு வாங்கினேன். விளிம்பைப் பார்க்கவில்லை, துண்டு கேட்கவில்லை, முத்திரையை நம்பினேன். பதினான்கு மாதத்தில் தாள்கள் பிரிந்து, பின்பலகையை முழுவதும் வெட்டியெடுத்து மறுபடி செய்ய நேர்ந்தது. பலகைக்கு நான் கொடுத்த விலையைப்போல் ஆறு மடங்கு கூலிக்குப் போயிற்று. கடைக்காரர் ரசீதில் ‘ஒட்டுப்பலகை, 2’ என்று மட்டுமே எழுதியிருந்ததால் எதையும் நிரூபிக்க முடியவில்லை.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். நான்கு விளிம்புகளையும் வெளிச்சத்தில் பாருங்கள். தாள்களுக்கு நடுவே பொந்தோ மரத்தூள் அடைப்போ தெரிந்தால் வாங்காதீர்கள். ஒரு சிறு துண்டு கேட்டு வாங்கி, வீட்டில் சில மணி நேரம் கொதிக்கவைத்துப் பாருங்கள். தாள் பிரிந்தால் விடை கிடைத்துவிட்டது. துண்டு தர மறுக்கும் கடையில் 160 வெள்ளியைச் செலவிடக் காரணம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, தரநிலை எண்ணை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதிய பிறகு அது ஒப்பந்தத்தின் ஒரு பகுதி.

இதே சொல் மற்ற பொருள்களிலும் ஏமாற்றுகிறது. ‘மரைன்’ துருப்பிடிக்காத எஃகு என்று 304 வகையை விற்பார்கள். உப்புநீருக்கு ஏற்றது மாலிப்டினம் கலந்த 316 வகை. காந்தம் வைத்துப் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. ‘மரைன்’ மின்கம்பி என்றால் முனையை உரித்துப் பாருங்கள்: வெள்ளீயம் பூசிய செம்பு இழைகள் வெள்ளி நிறத்தில் இருக்கும், வெறும் செம்பு சிவந்திருக்கும். நீர்மட்டத்துக்குக் கீழே பித்தளைப் பொருத்தி கூடவே கூடாது. அதிலுள்ள துத்தநாகத்தை உப்புநீர் தின்றுவிட, மிஞ்சுவது விரலால் உடையும் செம்பு நுரை. அங்கே வெண்கலம்தான் வேண்டும். நிறம் ஏறக்குறைய ஒன்றுபோல் இருப்பதால், உலோகத்தின் பெயரும் ரசீதில் ஏற வேண்டும்.

கேள்வி: படகின் விரிசலை அடைக்க எப்பாக்ஸியும், அதற்கென்று கடைக்காரர் எடுத்துக் கொடுத்த வெட்டு இழை விரிப்பும் (வெட்டிய கண்ணாடி இழைத் துண்டுகளை ஒட்டிச் செய்தது) வாங்கினேன். விரிப்பு ரெசினில் ஊறவே இல்லை, விறைத்துக்கொண்டு நிற்கிறது. கலந்து வைத்த கிண்ணமும் புகைந்தது. நான் செய்த தவறு என்ன? — வாசகர், பிடோக்

பதில்: முதல் தவறு உங்களுடையது அன்று. அவ்வகை விரிப்பில் இழைகளைப் பிணைத்திருக்கும் பசை, பெரும்பாலும் பாலியெஸ்டர் ரெசினிலுள்ள ஸ்டைரீனில்தான் கரையும். எப்பாக்ஸியில் ஸ்டைரீன் கிடையாது. எப்பாக்ஸிக்கு நெய்த இழைத்துணியோ தைத்த இழைத்துணியோ வேண்டும். அதற்கென்றே கேட்டு வாங்கியிருப்பதால் மாற்றித் தரும்படி உறுதியாகக் கேளுங்கள். கிண்ணம் புகைந்தது நம் வெப்பத்தாலும் ஆழமான பாத்திரத்தாலும். சிறிது சிறிதாகக் கலந்து அகலமான தட்டில் ஊற்றுங்கள். ரெசினை மெதுவாக இறுகச் செய்யும் ஹார்டனரை வாங்குங்கள். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரின் அளவை மாற்றிக் கலந்தால், அது என்றைக்கும் முழுமையாக இறுகாது.

கேள்வி: 2,400 வெள்ளி என்று பேசிப் படகை விட்டேன். ‘உள்ளே வேறு பழுதும் இருந்தது, பார்த்துவிட்டோம்’ என்று 4,100 கேட்கிறார்கள். கட்டாவிட்டால் படகைத் தரமாட்டார்களாம். — வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: பழுது பார்த்தவர் தம் கூலி வரும்வரை பொருளை நிறுத்திவைக்கும் உரிமை சட்டத்தில் உண்டு. ஆனால் நீங்கள் ஒப்புக்கொண்ட வேலையின் கூலிக்குத்தான் அது பொருந்தும். கேட்காமல் செய்த வேலைக்கு இல்லை. ஆகவே 2,400 வெள்ளியை வங்கி வழியாகக் கட்டிவிட்டு, மீதியை ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் படகை எந்த நாளில் எடுக்க வருவீர்கள் என்பதையும் எழுதி அனுப்புங்கள். அப்போதும் தர மறுத்து, படகு உடனே வேண்டும் என்ற நிலை வந்தால், ‘ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்’ என்று எழுதிக்கொடுத்து மீதியைக் கட்டிப் படகை எடுத்துக்கொண்டு, நடுவர் மன்றத்தில் அதைத் திரும்பக் கேளுங்கள். 2,400 என்று பேசிய வாட்ஸ்அப் செய்தியை அழித்துவிடாதீர்கள்.

கேள்வி: படகின் அடியில் கொட்டலசு என்ற சிறு கடலுயிர் ஒட்டாமல் இருக்க, நண்பர் தம் ஃபைபர் படகுக்கு வாங்கிய செம்புப் பூச்சில் பாதி டின்னை மலிவாகத் தருகிறார். என் படகு அலுமினியம். — வாசகர், செம்பவாங்

பதில்: இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள். உப்புநீரில் செம்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டால் அரிக்கப்படுவது அலுமினியம்தான். அலுமினியத்துக்கு ஏற்றது என்று டின்னிலேயே அச்சிட்ட பூச்சை, அதற்குரிய அடிப்பூச்சோடு சேர்த்து வாங்குங்கள். பழைய கையிருப்பு என்று வெள்ளீயச் சேர்மம் கலந்த பூச்சை யாராவது நீட்டினால் அதையும் மறுத்துவிடுங்கள். கடலுயிர்களைக் கெடுப்பதால் அது 2008 முதல் அனைத்துலக ஒப்பந்தத்தின்கீழ்த் தடை செய்யப்பட்டிருக்கிறது.