பீடாதிபதியின் அதிகாரம் எதுவரை?

கேள்வி: நான் வங்கியொன்றில் பணிபுரிந்துகொண்டு கொழும்பில் பகுதிநேரமாக எம்.பி.ஏ. படிக்கிறேன். முகாமைத்துவத்தைக் கற்பிக்கும் பீடத்திலேயே பெறுபேறுகள் மாதக்கணக்கில் தாமதமாகின்றன. பாடத்திட்டமும் பழையதாகவே இருக்கிறது. பேராசிரியருக்குப் பதிலாக, பெரிய நிறுவனமொன்றை நடத்திய அனுபவமுள்ளவரைப் பீடத்தின் தலைவரான பீடாதிபதியாக நியமித்தால் என்ன?
- வாசகர், வெள்ளவத்தை

பதில்: உங்கள் ஆதங்கம் நியாயமானது. ஆனால், 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின்படி, அரச பல்கலைக்கழகப் பீடாதிபதியை அந்தப் பீடத்தின் கல்வியாளர்களிலிருந்து பீடச் சபையே மூன்றாண்டுகளுக்குத் தெரிவுசெய்கிறது. தமக்கு வாக்களித்த சக ஆசிரியரிடமே விடைத்தாள் ஏன் இன்னும் திருத்தப்படவில்லை என்று கேட்க வேண்டிய சங்கடம் அவருக்கு உண்டு என்பதை மறுக்க முடியாது. எனினும், வெளியிலிருந்து வருபவருக்கும் இதே நாற்காலிதான் கிடைக்கும். புதிய பட்டநெறியொன்று பீடச் சபையைக் கடந்து, கல்வி விடயங்களைத் தீர்மானிக்கும் மூதவைக்கும், பல்கலைக்கழகத்தை நிர்வகிக்கும் பேரவைக்கும் சென்று, அதன் பின்னர் வார்ட் பிளேசிலுள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அங்கீகாரத்தையும் பெற வேண்டும். ஆளணியைக் கூட்டுவதற்குத் திறைசேரியின் அனுமதி வேண்டும். பொறுப்பு ஓரிடத்திலும் அதிகாரம் வேறிடங்களிலும் இருக்கும்வரை, ஆளை மாற்றுவதால் பெரிதாக எதுவும் மாறாது என்பதே என் உறுதியான கருத்து.

வெளியாரின் குரலும் ஏற்கெனவே இருக்கிறது. பேரவையில் பல்கலைக்கழகத்துக்குள்ளிருந்து வருவோரைவிட, ஆணைக்குழு நியமிக்கும் உறுப்பினர்கள் ஒருவர் கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறது அதே சட்டம். அந்தக் குரல் பீட மட்டத்துக்கு இறங்குவதில்லை என்பதுதான் குறை. 1986இல் உருவாகி, ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து பொரளையில் இயங்கும் முகாமைத்துவப் பட்டப்பின் படிப்பு நிறுவகம் வேறு வழியைக் காட்டுகிறது: அதற்குத் தனிப் பணிப்பாளரும் முகாமைச் சபையும் இருப்பதால், முடிவெடுப்பவர் யார் என்பது தெளிவாகத் தெரிகிறது. இளமாணிக் கல்வி இலவசமாகவே தொடர வேண்டிய பீடங்களை முழுமையாக அப்படி மாற்றிவிட முடியாது, மாற்றவும் கூடாது. ஆனால், கட்டணம் அறவிடும் எம்.பி.ஏ. போன்ற நெறிகளின் வருமானத்தைச் செலவிடுவதில் பீடாதிபதிக்கு வரையறுத்த அதிகாரத்தைக் கொடுத்து, அதற்கான கணக்கை ஆண்டுதோறும் பகிரங்கமாக வெளியிடச் செய்யலாம்.

அதுவரை நீங்கள் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பல்கலைக்கழகங்களையும் கட்டுப்படுத்துகிறது. உங்கள் நெறியின் கட்டண வருமானம் எவ்வளவு, அது எவற்றுக்குச் செலவாகிறது, கடந்த ஆண்டுகளில் பரீட்சை முடிந்து எத்தனை நாட்களில் பெறுபேறு வெளியானது என்று தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். தகவலைத் தருவதா இல்லையா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம்.