பிசியோ வைத்த அல்ட்ராசவுண்ட் வேறு, ஸ்கேன் வேறு

கேள்வி: எனக்கு 41 வயது, திண்டுக்கல். தினமும் காலையில் ஷட்டில் ஆடுவேன். 16 நாளைக்கு முன்பு நெட் பக்கம் பாய்ந்தபோது, இடது கெண்டைக்காலில் யாரோ பின்னாலிருந்து பேட்டால் அடித்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தால் யாருமில்லை. பிசியோதெரபியில் 7 நாள் அல்ட்ராசவுண்ட் வைத்தார்கள். வீக்கம் குறையவில்லை, கால் கனக்கிறது. இப்போது எலும்பு டாக்டர் அல்ட்ராசவுண்ட் எடுக்கச் சொல்கிறார். அதைத்தான் வைத்தாயிற்றே? நேராக எம்.ஆர்.ஐ. எடுத்துவிடலாமா?

பதில்: டாக்டர் சொன்ன அல்ட்ராசவுண்ட் ஸ்கேனை இன்றைக்கே எடுங்கள், தள்ளிப்போடாதீர்கள். இரண்டு வாரம் கழித்தும் கெண்டைக்கால் வீங்கிக் கனக்கிறது என்றால் அது தசைக் கிழிசலாக மட்டும்தான் இருக்கும் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அடிபட்ட காலை அசைக்காமல் வைத்திருப்பவர்களுக்கு உள்ளே இருக்கும் சிரையில் ரத்தம் உறைந்துவிடுவது உண்டு, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அதனால் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளரும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ப்ரோபை (தோல்மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் கருவி) வைத்து அழுத்தினால் நல்ல சிரை தட்டையாக அமுங்கிவிடும், உறைந்தது அமுங்காது, சோதனை அவ்வளவுதான். ரிசல்ட் வரும்வரை எண்ணெய் போட்டு நீவுவது, பிசியோ மிஷின் இரண்டும் வேண்டாம். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ ஸ்கேனை விடுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

குழப்பம் உங்களுக்கு மட்டுமல்ல, பாதிப் பேருக்கு இருக்கிறது. பிசியோவில் ஜெல் தடவி வட்டமாகத் தேய்த்தார்களே, அது 1 அல்லது 3 மெகாஹெர்ட்ஸ் ஒலி அலை. சிகிச்சைக்கானது, அதில் படமே வராது (கிழிந்த தசைக்கு அது பெரிதாக உதவுகிறது என்பதற்கு ஆதாரமும் குறைவுதான்). ஸ்கேன் என்பது உள்ளே பார்ப்பது. கர்ப்பிணிகளின் வயிற்றைப் பார்க்க 3 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் போதும், தசைக்கு 10-க்கு மேல் போகிற தட்டையான ப்ரோப் வேண்டும். மெகாஹெர்ட்ஸ் கூடக் கூடப் பார்க்க முடிகிற ஆழம் குறையும், ஆனால் நூல் நூலாகத் தெரியும். 'ஆணா பெண்ணா என்று சொல்ல மாட்டோம்' என்ற போர்டுக்குக் கீழே நீங்கள் ஒருத்தர்தான் ஆணாக உட்கார்ந்திருப்பீர்கள், பரவாயில்லை. கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் 1994 சட்டப்படி பதிவு செய்த இடத்தில்தான் அந்த மிஷினை வைக்க முடியும், மைதானத்துக்குத் தூக்கிக்கொண்டு வர முடியாது.

நல்ல கெண்டைக்கால் தசை ஸ்கேனில் இறகின் கோடுகள் மாதிரி தெரியும், கீழே போகப்போகக் கூராக முடியும். உங்களைப் போல அடிபட்டவர்களுக்குப் பெரும்பாலும் உள்பக்கத் தசையின் அந்தக் கூர் முனை மழுங்கி, அடித்தசைக்கும் அதற்கும் நடுவே கறுப்பாக ரத்தம் ஒரு பட்டையாகத் தேங்கியிருக்கும். எம்.ஆர்.ஐ.யில் ஆடாமல் படுத்திருக்க வேண்டும். இங்கே டாக்டர் "பாதத்தை மேலே மடக்குங்க, இப்ப கீழே அழுத்துங்க" என்பார், கிழிசல் திறந்து மூடுவது நேரடியாகத் தெரியும், அடுத்த காலையும் வைத்து ஒப்பிடலாம். குதிகாலுக்கு மேலே இருக்கும் அக்கிலிஸ் தசைநாண் அறுந்தாலும் இதே 'பின்னாலிருந்து அடித்த' கதையைத்தான் சொல்வார்கள். அப்போது பாதத்தைக் கீழே நீட்டினால் அறுந்த முனைகள் ஒட்டுகின்றனவா என்று பார்ப்பது, கட்டுப் போட்டால் போதுமா ஆபரேஷன் வேண்டுமா என்று முடிவெடுக்க உதவும்.

ஒரு குறை, பார்க்கிறவர் கையைப் பொறுத்தது. ப்ரோபைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாலே நல்ல தசைநாண் கறுப்பாகி, கிழிந்த மாதிரி காட்டும். அதனால் தசை, மூட்டு ஸ்கேன் வழக்கமாகப் பார்க்கும் ரேடியாலஜிஸ்ட் இருக்கிற இடமாக விசாரித்துப் போங்கள். முழங்காலுக்குள் ஜவ்வு, எலும்பில் நுண்ணிய விரிசல் என்றால் நானே எம்.ஆர்.ஐ. எழுதுவேன். கெண்டைக்காலுக்கு முதலில் இது போதும், செலவும் குறைவு.

சிரையில் பிரச்சினை இல்லை, ரத்தம் மட்டும் நிறையத் தேங்கியிருக்கிறது என்றால், ஸ்கேனில் ஊசி முனையைப் பார்த்துக்கொண்டே உறிஞ்சி எடுக்கலாம். முதல் சில நாள் அது ஜெல்லி மாதிரி இருக்கும், வராது. உங்களுக்கு இப்போது இளகியிருக்கும். கொஞ்சமாக இருந்தால் குத்தாமல் விட்டுவிடுவதே நல்லது, உடம்பே உறிஞ்சிக்கொள்ளும். ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பி.ஆர்.பி. ஊசியும் (உங்கள் ரத்தத்திலிருந்தே தட்டணுக்களைப் பிரித்துப் போடுவது) அப்படித்தான்: 2014-இல் நெதர்லாந்தில் தொடைத் தசை கிழிந்த 80 பேரிடம் சோதித்ததில், வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களைவிட பி.ஆர்.பி. போட்டவர்கள் சீக்கிரம் ஆடத் திரும்பவில்லை.

ஷட்டிலுக்கு எப்போது போகலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் அதுதான் இருக்கும். இடது காலில் மட்டும் நின்று குதிகாலை 20, 25 தடவை வலியில்லாமல், வலது கால் அளவுக்குத் தூக்க முடிகிற அன்று பேட்டை எடுங்கள்.