தொல்லியல் படித்தவர்களுக்கு வேறு என்ன வேலை? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: தொல்லியலில் முதுகலை முடித்துவிட்டேன். துறைக்குள் வேலை அமையவில்லை. வெளியே என்னை யார் எடுப்பார்கள்?

பதில்: முதலில் வரைபடம் சார்ந்த வேலைகளைப் பாருங்கள். அகழாய்வில் டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவியைக் கையாண்டவர், ஜிஐஎஸ் என்ற கணினி வரைபட முறையில் இடங்களைக் குறித்தவர் என்றால் நில அளவை, நகரத் திட்டமிடல், சுற்றுச்சூழல் மதிப்பீடு ஆகிய துறைகளில் விண்ணப்பிக்கலாம். ஜிஐஎஸ் தெரியாதென்றால் கியூஜிஐஎஸ் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, இன்றே தொடங்குங்கள். கேம்பிரிட்ஜின் முதல் பெண் பேராசிரியரான தொல்லியலாளர் டோரத்தி காரட், இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படைக்காக வான்வழிப் படங்களை ஆராயும் பிரிவில் பணியாற்றினார். நிலத்தைப் படித்துப் பழகிய கண்ணுக்கு வெளியிலும் வேலை இருக்கிறது.

கேள்வி: ரெஸ்யூமேயில் 'அகழாய்வில் பங்கேற்றேன்' என்று எழுதியிருக்கிறேன். இன்டர்வியூவில் யாரும் அதைப் பற்றிக் கேட்பதே இல்லை.

பதில்: அந்த வரியைப் படிப்பவருக்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எதுவும் புரியாது. குழிக்குள் நடந்ததை யோசித்துப் பாருங்கள். ஓர் அடுக்கைத் தோண்டும் முன் மண்ணை மன்செல் வண்ண அட்டையோடு ஒப்பிட்டு '10 ஒய்ஆர் 4/3' என்று அதன் நிறக் குறியீட்டை எழுதுகிறீர்கள். அது எந்த அடுக்கின் மேல் படிந்திருக்கிறது, எதை வெட்டிச் செல்கிறது என்று எழுதுகிறீர்கள். அளவுகோலும் வடக்குத் திசைக் குறியும் வைத்துப் படம் எடுக்கிறீர்கள். தோண்டிய மண்ணைத் திரும்ப அடுக்க முடியாது. பிறகு மிஞ்சுவது உங்கள் பதிவேடு மட்டும்தான். மறுமுறை பார்க்க வழியில்லாத ஒன்றைப் பிழையில்லாமல் பதிவு செய்யும் இந்தப் பழக்கம் காப்பீட்டு இழப்பு விசாரணை, தணிக்கை, தரக் கட்டுப்பாடு, ஆவணக் காப்பகம் எல்லாவற்றுக்கும் தேவை. ஆகவே 'களப் பதிவுகளைச் சரிபார்த்துத் தரவுத்தளத்தில் ஏற்றினேன்', 'குழியின் தினசரி வேலையைப் பிரித்துக் கொடுத்தேன்' என்பதுபோல் செயலாக எழுதுங்கள். செய்யாததை மட்டும் சேர்க்காதீர்கள், இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: எனக்குக் கணினியைவிட மனிதர்களின் வாழ்க்கைமுறையில்தான் ஆர்வம்.

பதில்: அப்படியென்றால் சந்தை ஆய்வும் பயனர் ஆய்வும் உங்களுக்கானவை. 1973-இல் அரிசோனா பல்கலைக்கழகத்தில் தொல்லியலாளர் வில்லியம் ராத்ஜே வீட்டுக் குப்பைகளை ஆராயத் தொடங்கினார். மக்கள் குடிப்பதாகச் சொன்ன மதுவுக்கும் குப்பையில் கிடந்த பாட்டில்களுக்கும் ஒத்துப்போகவில்லை. சொல்வது ஒன்று, விட்டுச்செல்லும் பொருள் காட்டுவது வேறு. இது தெரிந்த ஆளைத்தான் ஆய்வு நிறுவனங்கள் தேடுகின்றன. நேர்காணல் எடுக்கும் முறையை மட்டும் தனியாகக் கற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: தடயவியலுக்குப் போகலாமா?

பதில்: போகலாம். காணாமல் போனவர்களின் எச்சங்களைத் தேட 1984-இல் தொடங்கிய அர்ஜென்டினா தடயவியல் மானுடவியல் குழு தொல்லியல் முறைகளையே கையாள்கிறது. ஆனால் எலும்பியலில் தனிப் பயிற்சி வேண்டும், மனத்திடமும் வேண்டும்.

கேள்வி: வெளியே போய்விட்டால் தொல்லியலோடு உறவு அறுந்துவிடுமா?

பதில்: அறுந்துவிடாது. 1952-இல் லீனியர் பி என்ற பண்டைய கிரேக்க எழுத்துகளைப் படித்துக் காட்டிய மைக்கேல் வென்ட்ரிஸ் தொழிலால் கட்டிடக் கலைஞர். விடுமுறையில் அகழாய்வுக்குத் தன்னார்வலராகப் போகலாம். உங்கள் ஆய்வேட்டிலிருந்து ஒரு கட்டுரையையாவது புது வேலையில் சேரும் முன்பே எழுதி அனுப்பிவிடுங்கள், அப்புறம் நேரம் கிடைப்பது கடினம்.