அவர் பட்டறைக்குப் போனீர்களா?

வணக்கம் ஐயா,

திருப்பூரில் டேபிள் பிரிண்டிங் ஜாப் வொர்க் செய்கிறேன், அதாவது கம்பெனிகள் தரும் பனியன் துணியை மேசையில் விரித்துக் கூலிக்கு அச்சிட்டுத் தருகிறேன். சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம். பத்து வருடம் ஒரு பிரிண்டிங் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு, இரண்டு வருடத்துக்கு முன்னால் தனியாகத் தொடங்கினேன். இங்கே எனக்கு மாமன் மச்சான் என்று யாரும் கிடையாது. பழைய பழக்கத்தில் மூன்று கம்பெனிகள் தரும் வேலையை வைத்து ஓட்டுகிறேன். நாலு பேரைப் பழகிக்கொள் என்று நண்பர் சொன்னதால், வாரம் ஒருநாள் காலை ஏழு மணிக்கு ஹோட்டலில் கூடும் வணிகக் குழு ஒன்றில் பணம் கட்டிச் சேர்ந்தேன். எட்டு மாதம் ஆகிறது. ஆளுக்கு ஒரு நிமிடம் எழுந்து பேசுகிறோம், கார்டு மாற்றிக்கொள்கிறோம், டிபன் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறோம். என் மேசையில் இருநூறு கார்டுகள் சேர்ந்திருக்கின்றன. வந்த வேலை இரண்டே இரண்டு. எனக்குச் சரளமாகப் பேசவும் வராது. இந்த ஊரில் தொழில் பழக்கம் எல்லாம் சொந்தபந்தத்துக்குள்தான் நடக்கும், வெளியூர்க்காரன் வாட்ஸ்அப்பில் சாம்பிள் படம் அனுப்பிவிட்டு வேலையைச் சுத்தமாகச் செய்தால் போதும் என்கிறார் என் மனைவி. நீங்கள் இந்தத் தொழிலில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன். தொடர்வதா, விட்டுவிடுவதா?

ர., திருப்பூர்

அன்புள்ள ர.,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நான் தேடிய ஒரு விவரம் அதில் இல்லை. அந்த இருநூறு பேரில் எத்தனை பேருடைய பட்டறைக்கு நீங்கள் போனீர்கள்? உங்கள் பட்டறைக்கு எத்தனை பேர் வந்தார்கள்? நீங்கள் ஒன்றும் சொல்லாததால், போகவில்லை, வரவில்லை என்றே எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவருக்கு ஊர் வசப்படாத வேதனை உங்களுக்கு மட்டும் நேர்ந்ததில்லை. பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் 1896-ல் சிகாகோவுக்கு வந்தார். வெர்மான்ட் மாநிலத்தில் வாலிங்ஃபோர்டு என்ற சிற்றூரில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர். எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஊர் அது. சிகாகோவில் தொழில் நடந்தது, ஆனால் மனிதர்கள் இல்லை. 1905 பிப்ரவரி 23 அன்று ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு சுரங்கப் பொறியாளர், ஒரு தையற்காரர் ஆகிய மூவருடன் அவர் உட்கார்ந்து பேசினார். கூடிய இடம் அந்தப் பொறியாளரின் அலுவலக அறை. ஒரு தொழிலுக்கு ஓர் ஆள் என்று விதி வைத்துக்கொண்டார்கள். உங்கள் குழுவிலும் அந்த விதி இருக்கும். அடுத்தடுத்த கூட்டங்களை ஒவ்வோர் உறுப்பினரின் தொழிலிடத்திலும் மாறி மாறி வைத்தார்கள். அந்தச் சுழற்சியால்தான் அவர்கள் சங்கத்துக்கு ரோட்டரி என்ற பெயரே வந்தது. ஒருவருக்கொருவர் தொழில் கொடுத்துக்கொள்வதையும் அவர்கள் ஒளிக்கவில்லை, தொடக்க கால நோக்கங்களில் ஒன்றாகவே அதை எழுதி வைத்திருந்தார்கள்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்தச் சுழற்சி. நிலக்கரிக்காரரின் கிடங்கை வழக்கறிஞர் கண்ணால் பார்த்திருப்பார். தையற்காரரின் மேசையில் வெட்டி வைத்த துணியைத் தொட்டுப் பார்த்திருப்பார். அதன் பிறகு ஒருவர் இன்னொருவரைப் பரிந்துரைத்தால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் பார்த்த அனுபவம் இருந்தது. கூட்டம் ஹோட்டல் மண்டபத்துக்குப் போனபோது வசதி கூடியது, பார்ப்பது போய்விட்டது. உங்களுடன் டிபன் சாப்பிடும் நிட்டிங்காரருக்கு உங்கள் பெயர் தெரியும், முகம் தெரியும். உங்கள் மேசைகள் எத்தனை, அச்சைச் சூடேற்றிப் பிடிக்கவைக்கும் கியூரிங்கை எப்படிச் செய்கிறீர்கள், பட்டறையில் துணியைத் தரையில் போட்டு வைப்பீர்களா என்பது தெரியாது. தெரியாத ஆளைத் தன் பார்ட்டியிடம், அதாவது தனக்கு வேலை தருபவரிடம், அவர் எந்த நம்பிக்கையில் சொல்வார்?

நான் 1996 முதல் பதினொரு ஆண்டுகள் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டரைத் தொடக்கம் முதல் ஷிப்மென்ட் வரை கவனிப்பவராக இருந்தேன். பிரிண்டிங்குக்கு யாரிடம் கொடுப்பது என்பதை முதலாளி தீர்மானித்ததில்லை. நானும் புரொடக்‌ஷன் மேனேஜரும்தான் தீர்மானித்தோம். பெரும்பாலான கம்பெனிகளில் இன்றும் அப்படித்தான் நடக்கிறது. முதலாளிகளிடம் மட்டும் கார்டு கொடுத்துக்கொண்டிருந்தால் வேலை வராததில் வியப்பில்லை.

எனக்குப் புதிய பிரிண்டிங்காரர் தேவைப்பட்டால் யாரைக் கேட்பேன் தெரியுமா? கட்டிங் மாஸ்டரை, எம்பிராய்டரிக்காரரை, பவர்டேபிள் என்ற தையல் மெஷின்களை நடத்துபவரை. திருப்பூரில் ஒரு பனியன் ஒரே கூரையின் கீழ் பிறப்பது குறைவு. நூல் நிட்டிங்குக்குப் போகிறது, துணி சாயப்பட்டறைக்கும் அங்கிருந்து, துணி பிறகு சுருங்காதபடி அமுக்கும் காம்பாக்டிங்குக்கும் போகிறது, வெட்டிய பீஸ் உங்களிடம் வருகிறது, பிறகு தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங். உங்களுக்கு முன்னால் அந்தத் துணியைத் தொட்டவருக்கும் பின்னால் தொடப் போகிறவருக்கும் உங்கள் வேலையின் தரம் கையிலேயே தெரியும். பிரிண்ட் ஓரம் தள்ளிப் போயிருந்தால் தைப்பவர்தான் முதலில் திட்டுவார். பீஸ் எண்ணிக்கை சரியாக வந்தால் அவர்தான் முதலில் மதிப்பார். அவருடைய ஒரு வாய்ச்சொல் எனக்கு ஐம்பது கார்டுகளை விடப் பெரிது. நான் கேட்கும் முன்பே அவர் பெயர் சொல்லிவிடுவார்.

இன்னொன்று, ஒரு தொழிலுக்கு ஓர் ஆள் என்ற விதியில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அந்த மண்டபத்தில் வேறு பிரிண்டிங்காரர் யாரும் இருக்கமாட்டார். ஆனால் உங்களுக்கு வேலை தரக்கூடியவர்களில் முதன்மையானவர் இன்னொரு பிரிண்டிங்காரர்தான். சீசனில் அவருடைய மேசைகள் நிரம்பிவிடும், ஷிப்மென்ட் தேதி நகராது, மிச்சத்தை யாரிடமாவது கொடுத்தே ஆகவேண்டும். தன் பார்ட்டியைக் கவர்ந்துகொள்ளாத ஆளிடம் கொடுப்பார். நீங்கள் பத்து வருடம் வேலை பார்த்த பழைய பட்டறைக்காரரிடமிருந்தே தொடங்குங்கள். தனியாகப் போனதில் அவருக்கு வருத்தம் இருக்கலாம். ஒரு மாலை நேரில் போய் உட்கார்ந்து, உங்கள் பார்ட்டி பக்கம் நான் போகமாட்டேன் என்று சொல்லுங்கள். சொன்னபடி நடந்துகொள்ளுங்கள்.

வாட்ஸ்அப் படம் போதும் என்று உங்கள் மனைவி சொல்வது செலவையும் அலைச்சலையும் எண்ணிய அக்கறை. ஆனால் உங்கள் தொழிலுக்கு அது பொருந்தாது. படத்தில் டிசைன் தெரியும். பிரிண்ட் கைக்கு மெத்தென்று இருக்கிறதா, அட்டை போல விறைக்கிறதா, இழுத்தால் வெடிக்கிறதா, இரண்டு துவைப்பில் மங்குகிறதா என்பது தெரியாது. நேரில் போகும்போது கார்டை விட்டுவிட்டு ஸ்ட்ரைக் ஆஃப் என்ற மாதிரி பிரிண்ட் துணி நாலைந்து எடுத்துப் போங்கள், அதில் ஒன்று பலமுறை துவைத்ததாக இருக்கட்டும். சரளமாகப் பேச வராது என்று வருந்துகிறீர்களே, அந்தத் துணியை அவர் கையில் கொடுத்துவிட்டால் நீங்கள் பேச வேண்டியது பாதியாகக் குறைந்துவிடும்.

மண்டபத்தின் ஒரு நிமிடத்தில் "பிரிண்டிங் செய்கிறேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அதை யாராலும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது. மற்றவர்கள் தட்டிக்கழிக்கும் எந்த வேலையை நீங்கள் எடுப்பீர்கள்? முந்நூறு பீஸ் மட்டும் உள்ள சின்ன ஆர்டரா, குழந்தைகள் உடுப்பா, கறுப்புத் துணியில் வெள்ளை பிரிண்டா? அந்த ஒன்றை மட்டும் சொல்லி உட்கார்ந்துவிடுங்கள்.

சொந்தபந்தம் பற்றியும் மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் மனைவி சொல்வதில் உண்மை இருக்கிறது. இந்த ஊரில் முதலும் கடனும் வேலையும் உறவின் வழியாகவும் சாதியின் வழியாகவும் ஓடுவதை நான் கண்ணால் பார்த்தவன். அந்தக் கதவுகளில் சில உங்களுக்குத் திறக்காது, அது அநியாயம்தான். ஆனால் ஊரின் ஏற்றுமதி வரலாற்றிலேயே அந்நியர் ஒருவர் இருக்கிறார். 1978-ல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் மும்பை ஏற்றுமதியாளர்கள் வழியாக இங்கே வந்து சேர்ந்தார். அவருக்குப் பின்னால்தான் ஐரோப்பிய நிறுவனங்கள் வரிசையாக வந்தன. மொழியும் உறவும் இல்லாதவருடன் இந்த ஊர் தொழில் செய்தது.

மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் பாஸ்டனுக்கு அருகிலுள்ள நியூட்டனில், தெரிந்தவர்கள் மூலம் வேலை கிடைத்தவர்களிடம் அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி பார்ப்பவர் என்றவர்கள் சுமார் 17 சதவீதம். எப்போதாவது என்றவர்கள் 56, மிக அரிதாக என்றவர்கள் 28. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். புதிய செய்தி தள்ளி இருப்பவரிடமிருந்தே வருகிறது. மாமன் மச்சான் இல்லாத உங்களுக்கு இது பெரிய ஆறுதல் என்று நினைக்கிறேன்.

ஒருவரை நான் மறக்கவில்லை. அவரும் வெளியூர்க்காரர், எட்டு மேசை வைத்திருந்தார். எங்கள் மூவாயிரம் பீஸ் அவரிடம் இருந்தது. ஒருநாள் இரவு ஒன்பதரைக்கு ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். கையில் இரண்டு பீஸ். ஒன்றை என் முன்னால் இழுத்துக் காட்டினார், பிரிண்டில் விரிசல். "நானூறு பீஸ் இப்படி ஆகிவிட்டது, சூடு சரியாகப் பிடிக்கவில்லை, என் தப்பு" என்றார். அவர் சொல்லாமல் இருந்திருந்தால் அது கடல் தாண்டிப் போய்த்தான் தெரிந்திருக்கும். துணி போட்டு மறுபடி வெட்டினோம், அவர் நஷ்டத்தில் பாதியை ஏற்றார், ஷிப்மென்ட் நான்கு நாள் தள்ளிப் போனது. அதற்குப் பிறகு நான் அங்கே இருந்தவரை, அவர் மேசை காலியாக இருக்கிறதா என்று கேட்காமல் வேறு யாரிடமும் போனதில்லை. அவர் போனில் சொல்லியிருந்தால் அன்றிரவு நான் கத்தியிருப்பேன். எதிரில் நின்றதால் என்னால் கத்த முடியவில்லை.

பழக்கம் என்பதற்காகப் பணத்தில் தளராதீர்கள். ரேட்டையும் எத்தனை நாளில் பணம் என்பதையும் சிநேகிதரிடமும் எழுதி வாங்குங்கள். சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு இல்லையென்றால் உடனே செய்யுங்கள். 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்களைப் போன்ற குறு, சிறு தொழிலுக்குப் பணம் தர 45 நாளுக்கு மேல் தவணை வைக்க முடியாது. எழுத்தில் ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான்.

குழுவை விடவேண்டாம், கட்டிய பணத்துக்கான ஆண்டு முடியட்டும். இருநூறு கார்டுகளையும் இன்றிரவு தரையில் பரப்பி, உங்கள் துணியைத் தொடுகிறவர்களை மட்டும் பொறுக்குங்கள், பத்துப் பன்னிரண்டு தேறும். வாரம் இரண்டு பேர். முன்னால் போன் செய்துவிட்டுப் போங்கள். சனிக்கிழமை வேண்டாம், சம்பளம் போடும் நாள், யாருக்கும் முகம் கொடுத்துப் பேச நேரம் இருக்காது. முதல் முறை வேலை கேட்காதீர்கள். அவர் பட்டறையைச் சுற்றிப் பாருங்கள், பிரிண்டிங்காரர்களால் அவருக்கு என்ன தொல்லை என்று கேளுங்கள். அதைக் குறித்து வைத்துக்கொண்டு, அந்தத் தொல்லைக்கு உங்களிடம் விடை இருக்கும்போது இரண்டாம் முறை போங்கள். அவரையும் உங்கள் இடத்துக்கு ஒரு டீ குடிக்க அழையுங்கள்.

அடுத்த மாதம் இரண்டாம் வாரம் நான் திருப்பூரில் இருப்பேன். உங்கள் பட்டறை எந்தப் பக்கம் என்று எழுதுங்கள், வருகிறேன். துவைத்த பீஸ் ஒன்றை எடுத்து வையுங்கள்.

அன்புடன்.