உங்க ஊர்ல பாக்குறதுக்கு என்னதான் இருக்கு?

அண்ணாச்சிக்கு வணக்கம்.

எனக்கு சொந்த ஊர் விளாத்திகுளம் பக்கம், அசல் கரிசக்காடு. வீட்டம்மாவுக்கு நாகர்கோவில் பக்கம். கல்யாணமாகி ஒம்பது வருஷம், இப்ப போரூர்ல ஒரு ஃப்ளாட்ல இருக்கோம். ஒவ்வொரு கோடை லீவுக்கும் ஊருக்குப் போறப்ப கார் எட்டயபுரம் தாண்டுனதும் எனக்கு மனசு லேசாயிரும், அவங்க கார் கண்ணாடிய ஏத்திட்டு போனைப் பாக்க ஆரம்பிச்சிருவாங்க. "உங்க ஊர்ல பாக்குறதுக்கு என்னதான் இருக்கு, ஒரே பொட்டக்காடு"ன்னு இந்த வருஷம் வாய்விட்டே கேட்டுட்டாங்க. ஆனா உண்மையச் சொன்னா, அவங்க ஊர்ல ரெண்டு நாளைக்கு மேல இருந்தா எனக்கு மூச்சு முட்டும். எங்க திரும்புனாலும் தென்னையும் வாழையும் மறைக்குது, வானமே தெரியல. அழகுங்கறது சின்ன வயசுல பாத்துப் பழகுனது மட்டும்தானா? அப்ப ஃப்ளாட்ல வளர்ற என் ஏழு வயசு மகளுக்கு எது அழகாத் தெரியும்?

(பேரு போட வேண்டாம்)

தம்பி,

மொதல்ல ஒங்க மேல ஒரு குத்தம். கரிசக்காட்ட ஒருத்தருக்குக் காட்டணும்னு நெனைக்கிறவன் சித்திரை வைகாசியிலயா கூட்டிட்டுப் போவான்? அதப் பத்தி கடைசியில வர்றேன்.

நானும் ஒங்க மாவட்டந்தான், ஆனா கரிசல் இல்ல, தேரி. சாத்தான்குளத்துக்கும் கடலுக்கும் நடுவுல துருப்பிடிச்ச தகரம் கணக்கா செவந்து கெடக்குமே மணல்மேடு, அங்க. அந்த செவப்பே மணல் மேல படிஞ்ச இரும்புத் துருதான். ஆடிக்காத்துல அது எந்திரிச்சு வந்து சோத்துல விழும். பனை, கொல்லாமரம் (முந்திரி), உடைமரம், அவ்ளோதான் ஊரு. இப்ப கேளுங்க, மூணாங்கிளாஸ்ல 'இயற்கைக் காட்சி வரைக'ன்னா நாங்க என்ன வரைவோம்? ரெண்டு மலை, நடுவுல சூரியன், மலையிலருந்து வளைஞ்சு வர்ற ஆறு, ஆத்தோரம் ஒரு குடிசை, அது மேல சாஞ்ச மாதிரி ஒரு தென்னை, வானத்துல நாலு குருவி. நீங்களும் இதத்தான் வரைஞ்சிருப்பீங்க. கீழ 'சூரிய உதயம்'னு வேற எழுதி வைப்போம். நம்ம பக்கம் மலை இருக்கறது மேக்க தம்பி! சூரியன் அங்க போயி விழத்தான் செய்யும், எந்திரிக்கிறது கடலுக்குள்ளருந்து. தெனமும் விடிய பனைக்கு நடுவுல அது ஏறி வர்றதப் பாத்துட்டே ஸ்கூலுக்குப் போயி நோட்டுல மலைக்கு நடுவுல உதிக்க விட்டோம், ஒருத்தனுக்கும் சந்தேகம் வரல, வாத்தியாருக்கும் வரல, பத்துக்கு எட்டு மார்க் போட்டாரு. மண்ணுக்கு நாங்க அடிச்சது பச்சை. செவப்பு க்ரேயான் வருஷக் கடைசி வரைக்கும் மொன கூட மழுங்காம இருக்கும்.

வளர்ப்புன்னா வீடும் ஊரும் மட்டும்னு நெனச்சுக்கிறோம். இந்த ட்ராயிங் நோட்டும் வளர்ப்புதான், சினிமா பாட்டும் வளர்ப்புதான், 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்'னு படத்துல வர்ற மெரட்டல் அதுவுந்தான் (அந்தக் காடு யாரோட ஊருன்னு தியேட்டர்ல கைதட்டுன நாமளே யோசிச்சதில்ல). ஒங்க வீட்டம்மாவுக்கு நோட்டுல வரைஞ்சதும் வாசல்ல தெரிஞ்சதும் கிட்டத்தட்ட ஒண்ணா அமைஞ்சு போச்சு. நமக்கு அப்படி இல்ல. ஸ்கூலு ஒண்ண அழகுன்னு சொல்லித் தந்துச்சு, ஊரு தந்தது அழகுங்கற பேர்லயே வரல.

எங்கப்பா ஒரு எடத்தப் பாத்து 'அழகா இருக்கு'ன்னு சொல்லி நான் கேட்டதே இல்ல. ஐப்பசியில வாசல்ல நின்னு கெழக்க பாத்து, "கொண்டல்ல கருத்துருக்கு"ம்பாரு, மெதுவா, சத்தமாச் சொன்னா கலைஞ்சு போயிருமோங்கற மாதிரி. அந்த நேரம் அவரு மூஞ்சி இருந்தது எனக்கு இன்னும் மறக்கல. அதனாலதான் எந்த ஊர்ல மேகம் கருத்தாலும் எனக்கு உள்ளுக்குள்ள ஒரு குதி குதிக்கும். சென்னையில பக்கத்து வீட்டுக்காரரு அதே மேகத்தப் பாத்து வண்டிய எடுத்துட்டுப் போயி மேட்டுல நிறுத்துறாரு. 2015 டிசம்பர்ல மொட்டமாடியில ரெண்டு நாள் கெடந்தவரு, அவருகிட்ட போயி 'என்ன அழகு பாருங்க'ன்னா அடிக்க வருவாரு, நியாயந்தான.

ஆனா அழகு வெறும் பழக்கம்னா நான் ஒத்துக்க மாட்டேன். ரோட்டோரம் வேலிக்கருவை அடைஞ்சு கெடக்கே, பொறந்ததுலருந்து பாக்குறேன், ஒரு நாளும் அழகாத் தெரிஞ்சதில்ல. பழக்கம் வேற ஒண்ணச் செய்யுதுன்னு நெனைக்கிறேன். அது பிரிச்சுப் பாக்கக் கத்துக் குடுக்குது. ஓடுற கார்லருந்தே இது உளுந்து, அது பாசி, அங்க இருக்கறது கரிசல், இங்க செவல் கலந்துருக்குன்னு ஒங்க கண்ணு சொல்லிரும், அவங்களுக்கு எல்லாம் ஒரே பொட்டல். அவங்க ஊர்ல ஒங்களுக்கு எல்லாம் ஒரே வாழை, அவங்க நின்ன எடத்துலருந்து இது மட்டி, அது செவ்வாழை, அந்தா ரசகதலின்னு சொல்லிருவாங்க. ஒண்ணுக்கொண்ணு வித்தியாசம் தெரியாத எடத்துல அழகு எங்கருந்து தெரியும்? கொஞ்ச நேரத்துல சலிப்புத்தான் வரும், அதுக்கு நாம வைக்கிற பேரு 'பாக்க ஒண்ணுமில்ல'.

இதுல ஒங்க வீட்டுச் சண்டை எவ்வளவோ தேவல. ஊட்டியில இதே விஷயத்தால ஒரு மலையே மாறிப் போச்சு. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819ல அங்க ஏறுனப்ப இருந்தது புல்வெளியும், பள்ளத்துக்குப் பள்ளம் சோலைக்காடும். இங்கிலாந்துல வளந்த கண்ணுக்கு குளிர் பிடிச்சுது, அப்புறம் ஒண்ணொண்ணா சேக்க ஆரம்பிச்சாங்க. ஓடையத் தடுத்து ஏரி, அந்த ஊட்டி ஏரி செயற்கை ஏரிங்க, ஐரோப்பியக் காய்கறி, ரோஜா, 1848ல பொட்டானிக்கல் கார்டன். ஆஸ்திரேலியாவுலருந்து தைல மரம் வந்தது 1843ல. அத அழகுக்காக மட்டும் நட்டாங்கன்னு சொன்னா பொய்யாயிரும், குளிருக்கு விறகு வேண்டியிருந்துச்சு. ஆனா புல்வெளிய சும்மா கெடக்கற நெலமா பாத்ததுனாலதான் கையி கூசாம நட முடிஞ்சது. மழைத் தண்ணியப் புடிச்சு வச்சு ஓடைக்கு விட்டதே அந்தப் புல்லும் சோலையுந்தான். பன்னண்டு வருஷத்துக்கு ஒருக்க பூக்குற குறிஞ்சி, 2018ல கூட பூத்துச்சே, அது நிக்கறதும் அந்தப் புல்வெளியிலதான். அப்புறம் சினிமாக்காரங்க வந்து தைல மரத்துக்கும் பைன் மரத்துக்கும் நடுவுல ஹீரோவையும் ஹீரோயினையும் ஓட விட்டாங்க, நாம அதப் பாத்து வளந்தோம். இன்னிக்கு ஊட்டிக்குப் போற நம்மாளு பைன் மரத்துக்குக் கீழ நின்னு போட்டோ எடுக்கறான், புல்வெளி வந்தா வண்டிய நிறுத்தறதில்ல. நானும் அப்படித்தான் எடுத்திருக்கேன், மூணு போட்டோ ஆல்பத்துல இருக்கு.

வறண்ட நெலத்தப் பாக்க நமக்கு ஆளு இல்லாமப் போகல. அகநானூறு 400 பாட்டுல ஒத்தப்படை நம்பர் எல்லாமே பாலை, அதாவது சரிபாதி, 200. ஒடனே 'பாத்தியா சங்கத்துலயே'ன்னு வீட்ல போயி ஆரம்பிச்சிராதீங்க. அவங்க அத பிரிவச் சொல்ல எடுத்துக்கிட்டாங்க, நெலம் அழகுன்னு சொல்ல இல்ல. ஆனா என்னா பார்வை! பாலை பாடிய பெருங்கடுங்கோன்னு ஒருத்தர், குறுந்தொகையில, பசிச்ச பொட்டை யானைக்காக ஆண் யானை 'யா'ங்கற மரத்து கிளைய உரிச்சுக் குடுக்கறதக் காட்டுறாரு, பொருள் தேடப் போனவன் நடக்குற காஞ்ச வழியில. 'ஒண்ணுமில்லாத காடு'ன்னு கண்ணாடிய ஏத்துன ஆளு எழுதுன பாட்டு இல்ல அது.

மகளப் பத்திக் கேட்டீங்க. ராத்திரி மொட்டமாடியில நின்னு மீனம்பாக்கத்துக்கு எறங்குற ஃப்ளைட்டு வெளக்க எண்ணுறதுதான் அவளுக்கு அழகோ என்னமோ. இருந்தா இருக்கட்டும், 'நாங்கல்லாம் அந்தக் காலத்துல'ன்னு மட்டும் ஆரம்பிக்காதீங்க. அவ ட்ராயிங் நோட்ட ஒரு தடவ வாங்கிப் பாருங்க. போரூர்ல இருந்துக்கிட்டு ரெண்டு மலையும் ஆறும் வரைஞ்சிருந்தா, இது எந்த ஊரும்மான்னு கேளுங்க. என்ன சொல்றான்னு எனக்கும் எழுதுங்க.

இப்ப அந்தக் குத்தம். அடுத்த தடவ கோடையில போகாதீங்க, அரையாண்டு லீவுக்குப் போங்க. மார்கழியில கம்பும் உளுந்தும் நிக்கும், ஒங்க பக்கம் கொத்தமல்லி பூத்துக் கெடக்கும், மண்ணு ஈரத்துல இன்னும் கருப்பா இருக்கும். எதையும் கைய நீட்டிக் காட்டாதீங்க, கதை சொல்லாதீங்க, 'எப்படி இருக்கு'ன்னு கேக்கவே கேக்காதீங்க. எட்டயபுரம் தாண்டுனதும் ஏசிய மட்டும் ஆஃப் பண்ணுங்க. புழுங்குதேன்னு அவங்களே கண்ணாடிய எறக்குவாங்க, மார்கழியில அவ்வளவா புழுங்காதுதான், ஆனா ஒம்பது வருஷமா கூட இருக்கீங்க, ஏதாவது ஒரு சாக்கு சொல்லத் தெரியாதா ஒங்களுக்கு. கண்ணாடி மூடியிருந்தா மல்லி வாசம் உள்ள வராது.