உபதேசியாரிடம் கேளுங்கள்: மண்சரிவு, தராசு, கசிப்பு, கல்லறை

ஈஸ்டருக்கு அடுத்த வாரம் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன். பலர் "பாஸ்டர்" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் போதகர் இல்லை. இலங்கை மலையகத்தில் டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இருபத்தேழு வருடம் நடந்து ஓய்வுபெற்ற உபதேசியார். வசனங்களைப் பழைய திருப்புதல் என்ற வேதாகம மொழிபெயர்ப்பில்தான் சொல்வேன். மனப்பாடமானது அதுதான்.

ஹப்புத்தளை, ஓர் இளம் தாய்: மழை தொடர்ந்தால் எங்கள் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) மேலே உள்ள சரிவு ஆபத்தானது என்று அறிவிப்பு வருகிறது. பாடசாலையில் போய்த் தங்கச் சொல்கிறார்கள். எங்கள் ஜெபக்குழுவில் சிலர், "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்" என்ற வசனத்தைச் சொல்லி, ஓடிப்போவது அவிசுவாசம் என்கிறார்கள். போவதா, இருப்பதா?

போங்கள் தங்கச்சி. பிள்ளைகளையும் அடையாள அட்டைகளையும் எடுத்துக்கொண்டு முதலில் போங்கள். மிச்சத்தைப் பாடசாலையில் உட்கார்ந்து வாசியுங்கள்.

அந்த 121ஆம் சங்கீதம் மலையை நம்பச் சொல்லவில்லை. எபிரேய மூலத்தில் அங்கே "எங்கிருந்து" என்ற சொல் இருக்கிறது. அதைக் கேள்வியாகவே பலர் வாசிக்கிறார்கள்: மலைகளைப் பார்க்கிறேன், எனக்கு எங்கிருந்து உதவி வரும்? பதில் அடுத்த வசனத்தில் வருகிறது: வானத்தையும் பூமியையும் உண்டாக்கின கர்த்தரிடத்திலிருந்து. மலையடியில் குடியிருப்பவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. தேவாலயத்தின் உப்பரிகையில் இயேசுவை நிறுத்தி, "தாழக் குதியும், தூதர்கள் தாங்குவார்கள்" என்று 91ஆம் சங்கீதத்தை எடுத்துக் காட்டியவன் பிசாசு. கர்த்தரைப் பரீட்சை பார்க்காதே என்பதுதான் அவருடைய பதில். உங்கள் ஜெபக்குழுவுக்கு மத்தேயு 4ஐ வாசித்துக் காட்டுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவிப்பில் மஞ்சள் என்றால் கவனமாயிருங்கள், செம்மஞ்சள் என்றால் புறப்படத் தயாராகுங்கள், சிவப்பு என்றால் உடனே வெளியேறுங்கள். நிலத்தில் புதிய வெடிப்பு தெரிந்தாலோ, மரங்கள் சாய்ந்தாலோ, ஊற்று திடீரெனக் கலங்கினாலோ எந்த நிறத்துக்கும் காத்திருக்க வேண்டாம்.

பண்டாரவளை: மண்சரிவில் குடும்பமாகப் போனவர்களைப் பற்றி, "என்ன பாவமோ" என்று பேசுகிறார்கள். கிறிஸ்தவர்களும் பேசுகிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. சில நாள் கழித்து நாங்கள் நான்கு பேர் அரிசியும் போர்வையும் எடுத்துக்கொண்டு போனோம். பாடசாலை வகுப்பறை ஒன்றில் ஒரு பெரியவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு புல்லுக்கட்டு. மாட்டுக்குப் புல் அறுக்க விடியலிலேயே போனதால் தப்பியவர். மாடும் இல்லை, கொட்டிலும் இல்லை, வீட்டில் இருந்தவர்களும் இல்லை. கட்டை யாரும் அவிழ்க்க அவர் விடவில்லை. புல் பழுத்து மணக்கத் தொடங்கியிருந்தது. "ஐயா, அவர்கள் என்ன பாவம் செய்தார்கள், நான் என்ன புண்ணியம் செய்தேன்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

இதே கேள்வியை இயேசு எதிர்கொண்டிருக்கிறார். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தார்கள். அவர்கள் எருசலேமில் இருந்த எல்லாரையும்விடக் குற்றவாளிகளோ என்று அவரே கேட்டு, "அப்படியல்ல" என்கிறார் (லூக்கா 13). கூடவே, உயிரோடு இருக்கிறவர்களைப் பார்த்து மனந்திரும்பச் சொல்கிறார். செத்தவர்களின் பாவத்தை எண்ணுவதை நிறுத்திவிட்டு உங்களுடையதை எண்ணுங்கள் என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன். "என்ன பாவமோ" என்று பேசுகிறவர்கள் அடுத்த முறை ஒரு போர்வையோடு போகட்டும்.

பொகவந்தலாவை, ஒரு கணக்குப்பிள்ளை: தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கிலோ கழிக்கச் சொல்கிறார்கள். நியாயமான கழிவு உண்டு. ஆனால் சொல்லப்படுவது அதற்கு மேல். ஞாயிற்றுக்கிழமை நான் ஆராதனையில் வேதபாடம் வாசிக்கிறவன். வேலையை விட்டுவிடவா?

வந்த கேள்விகளில் என்னைத் தூங்கவிடாதது இது.

தம்பி, யோவான் ஸ்நானனிடம் வரி வசூலிக்கிற ஆயக்காரர் வந்து, நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்டார்கள். வேலையை விடச் சொல்வார் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அவரோ, கட்டளையிட்டதற்கு அதிகமாய் ஒன்றும் வாங்காதிருங்கள் என்றார் (லூக்கா 3). உட்கார்ந்த இடத்திலேயே நேர்மையாக இரு என்பது அதன் பொருள். விட்டுவிட்டு ஓடுவதைவிட அது கடினம். நீங்கள் விலகினால் உங்கள் இடத்துக்கு வருகிறவன் வேதபாடம் வாசிக்காதவனாகவும் இருக்கலாம், கூசாதவனாகவும் இருக்கலாம்.

என் அம்மா கொழுந்தெடுத்தவர். தராசு முள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று எட்டிப் பார்த்ததற்காகத் திட்டு வாங்கியவர். ஆகவே நான் முதலில் கேட்பது சின்னது: முள்ளை அந்தப் பெண்களின் பக்கம் திருப்பி வையுங்கள். நிறுத்த எடையைச் சத்தமாகச் சொல்லுங்கள். எடை எழுதிக் கொடுக்கும் துண்டில் நிறுத்தது ஒரு வரியாகவும், கழித்தது தனி வரியாகவும் இருக்கட்டும். அதிகக் கழிவை எழுதச் சொன்னால், எழுத்தில் தரும்படி மரியாதையாகக் கேளுங்கள். அநியாயமான கட்டளைகள் பெரும்பாலும் வாய்மொழியாகவே வாழ்கின்றன. ஈரமான கொழுந்துக்கு உள்ள கழிவைக் கழிப்பது பாவமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இதற்கு விலை இருக்கும். இடம் மாற்றலாம், வேலையே போகலாம். பொய் எழுதுவதைத் தவிர வேறு வழியே இல்லை என்று ஆகும் நாளில் விலகுங்கள். அதுவரை இருங்கள். "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்பது நீதிமொழி. யாக்கோபு இன்னும் ஒருபடி போகிறார்: பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறார். கூலிக்கு வாய் இருக்கிறது, அதைக் கேட்கிற காது பரலோகத்தில் இருக்கிறது. கையெழுத்துப் போடும்போது இது நினைவிருந்தால் போதும்.

கொட்டகலை, உயர்தர மாணவி: "சமாதானத்துக்கேதுவான நினைவுகள்" என்ற எரேமியா 29:11ஐ என் போனில் போட்டிருந்தேன். பரீட்சையில் தோற்றுவிட்டேன். வாக்குத்தத்தம் எனக்கு இல்லையா?

மகள், அந்த வசனம் ஒரு கடிதத்தின் நடுவில் இருக்கிறது. பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதியது. அந்தச் சமயத்தில் அனனியா என்றொருவர் இரண்டே வருடத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று தீர்க்கதரிசனம் சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தார். எரேமியா சொன்ன கணக்கு எழுபது வருடம். கேட்டவர்களில் பெரும்பாலானோர் ஊர் திரும்பாமலேயே சாவார்கள் என்று அர்த்தம். அவர்களுக்குத்தான் அந்த வாக்குத்தத்தம். அதற்குமுன் என்ன எழுதியிருக்கிறது? வீடு கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், கலியாணம் பண்ணுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள்.

நம் மலையக ஆட்களுக்கு இது அகராதி இல்லாமலே விளங்கும். 1948இல் குடியுரிமை போனது. 1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தத்தில் ஐந்தேகால் இலட்சம் பேர் அங்கே, மூன்று இலட்சம் பேர் இங்கே, மிச்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று தலை எண்ணிப் பிரித்தார்கள். அப்படியிருந்தும் உங்கள் தாத்தா லயத்துக்குப் பின்னால் பீன்ஸ் நட்டிருப்பார்.

தோல்வி வாக்குத்தத்தத்தை அழிக்காது. மறுபடி எழுதுங்கள், எந்தப் பாடம் கவிழ்த்தது என்று ஆசிரியரிடம் இந்த வாரமே கேளுங்கள். வசனம் போனில் இருக்கட்டும், ஆனால் எழுபது வருடத்தைச் சொல்லும் பத்தாம் வசனத்தையும் சேர்த்துப் போடுங்கள்.

மஸ்கெலியா, ஒரு சகோதரி: கணவர் கசிப்பு என்ற கள்ளச்சாராயம் குடித்துவிட்டு அடிக்கிறார். சபையில் சொன்னேன். "சிலுவையைச் சும, ஒருநாள் இரட்சிக்கப்படுவார்" என்றார்கள்.

அக்கா, உங்களுக்குச் சொல்லப்பட்டது தவறு. கிறிஸ்துவின் நிமித்தம் நாம் விரும்பி எடுப்பதுதான் சிலுவை. இன்னொருவருடைய கைமுட்டி சிலுவை ஆகாது. சவுல் ஈட்டியை எறிந்தபோது தாவீது விலகி, அன்று இராத்திரியே தப்பியோடினான். அவனை யாரும் அவிசுவாசி என்று சொல்லவில்லை. இயேசுவே, கல்லெறிய எடுத்தபோது மறைந்து போயிருக்கிறார்.

1938க்கு அழையுங்கள், பெண்களுக்கான உதவி இலக்கம் அது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். இன்றிரவு யார் வீட்டில் தங்கலாம் என்று இப்போதே முடிவு செய்துவையுங்கள். கணவருக்காக ஜெபிப்பதை யாரும் தடுக்கவில்லை. அதை அடி விழாத தூரத்திலிருந்தும் செய்யலாம்.

ஹட்டன்: நுண்கடன் மூன்று இருக்கிறது. தசமபாகம் கொடுக்காததால்தான் கடன் தீரவில்லை என்கிறார்கள். கடன் வாங்கியாவது கொடுக்கவா?

வேண்டாம். ஒருவனுக்கு இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும் என்று பவுல் எழுதியிருக்கிறார் (2 கொரிந்தியர் 8). ஏழை விதவையின் இரண்டு காசைப் பற்றி எல்லாரும் பிரசங்கிக்கிறார்கள். அதற்குச் சற்று முன், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறவர்களை இயேசு கண்டித்த வசனத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கடனைத் திருப்பிக் கொடுப்பதும் நேர்மைதான். அந்த மாதம் காணிக்கைப் பை வரும்போது வெறுங்கையோடு இருக்க வெட்கப்பட வேண்டாம்.

தலவாக்கலை, ஓர் இளைஞர்: எங்கள் தோட்டத்தில் மாசியில் காமன் கூத்து நடக்கும். அப்பா அதில் தப்பு என்ற பறை அடித்தவர். நான் அடிக்கலாமா?

தப்பு மரமும் தோலும். அதில் பிசாசு குடியிருக்கிறது என்று சொல்கிறவர்களிடம், அந்த அருவருப்பு வேதத்திலிருந்து வந்ததா, சாதியிலிருந்து வந்ததா என்று கேளுங்கள். ஈஸ்டர் விடியலில் கோவிலில் தப்பு ஒலிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இதுவரை நடக்கவில்லை.

கூத்து வேறு. காப்புக் கட்டி விரதமிருந்து ஆடுகிறவர்களுக்கு அது வழிபாடு. அதை வெறும் கலை என்று சொல்லிக்கொண்டு நீங்கள் உள்ளே நிற்பது அவர்களையும் குறைத்துப் பேசுவதாகும். நானாக இருந்தால் காப்புக் கட்ட மாட்டேன். பார்க்கப் போவேன், அவர்கள் வீட்டில் சாப்பிடுவேன், கலைவிழா மேடையில் கூப்பிட்டால் அடிப்பேன். உங்கள் மனச்சாட்சி இதைவிட இறுக்கமாக இருந்தால் அதற்குக் கீழ்ப்படியுங்கள்.

இராகலை: உலக முடிவு எப்போது?

பிதாவுக்கு மட்டும் தெரியும். நாளை காலைப் பிரட்டுக்கு, வேலைக்குப் பேர் கொடுக்க, நேரத்தோடு போங்கள்.

நோர்வூட்: ஜெபித்தால் கூரைத் தகரத்தைத் தாண்டிப் போவதாகவே தெரியவில்லை. உயிரோடு இருந்து என்ன பயன் என்று சில இரவுகளில் தோன்றுகிறது.

முதலில் இரண்டாவது வரிக்கு. இன்றே 1926க்கு அழைத்துப் பேசுங்கள், மனநல உதவி இலக்கம். நம்பகமான ஒருவரிடம் இந்த வரியை அப்படியே காட்டுங்கள். காய்ச்சலுக்கு டாக்டரிடம் போவதுபோல்தான் இதுவும்.

இனி முதல் வரிக்கு. 88ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். புலம்பலாகத் தொடங்கி, ஆறுதல் வரி ஒன்றுகூட வராமல் முடிகிறது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று ஒரு தகப்பன் அழுதபோது, முதலில் சந்தேகத்தைத் தீர்த்துக்கொண்டு வா என்று இயேசு சொல்லவில்லை. பையனைக் குணமாக்கினார். நீங்கள் பிடிக்க முடியாத இரவில் உங்களைப் பிடித்திருக்கிறவர் அவர். ஜெபிக்க வார்த்தை வராவிட்டால் பரமண்டல ஜெபத்தை மெதுவாகச் சொல்லுங்கள். பாதியில் தூங்கிவிட்டாலும் பரவாயில்லை.

நானுஓயா, எழுபது தாண்டிய ஓர் அம்மா: என் வீட்டுக்காரரைப் புதைத்த இடத்தில் இப்போது தேயிலை நிற்கிறது. கல்லும் இல்லை. உயிர்த்தெழுதல் நாளில் அவரை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

அம்மா, சிரிக்காமல் கேட்ட கேள்விக்குச் சிரிக்காமல் பதில் சொல்கிறேன். என் அம்மாவும் அப்படித்தான் கிடக்கிறார், ஏழாம் நம்பர் தேயிலை மலையில், ஓடைக்கு மறுபக்கம். மரச்சிலுவை இரண்டு மழைக்காலம் தாங்கவில்லை. கண்டுபிடிப்பது நம் வேலையில்லை. விதைத்ததும் முளைப்பதும் ஒரே உருவில் இருப்பதில்லை என்றுதான் பவுல் இதை விளக்குகிறார். விதையைப் போட்டவருக்கு இடம் மறக்காது.

யோவான் 20ஐ யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். மகதலேனா மரியாளும் கல்லறையில் உடலைக் காணாமல் அழுதுகொண்டு நின்றவள்தான். உயிர்த்த கர்த்தரை முதலில் பார்த்தும் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. "தோட்டக்காரனென்று எண்ணி" என்று எழுதியிருக்கிறது. நம்மைத் தோட்டக்காட்டான் என்று பஸ்ஸில் ஏசியவர்களை நினைத்துக்கொண்டு அந்த வரியை நான் பல தடவை வாசித்திருக்கிறேன். பிறகு அவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். அப்போதுதான் தெரிந்தது.

ஈஸ்டருக்கு மறுநாள் ஏழாம் நம்பருக்குப் போனேன். ஓடையைத் தாண்டி, குத்துமதிப்பாக ஓர் இடத்தில் நின்று தேயிலைத் தூர்களுக்கு நடுவே பார்த்துக்கொண்டிருந்தேன். நிரையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளை கூடையின் தலைக்கயிற்றைச் சரிசெய்தபடி நிமிர்ந்து, "யாரைத் தேடுகிறீர்கள், ஐயா?" என்று கேட்டது.