மின்சாரம் கொடுத்ததும் தெர்மோகப்பிள் அளவு தாவுவது பற்றி

வணக்கம் ஐயா. ராணிப்பேட்டைப் பட்டறையில் மின்மாற்றிக்கு மின்சாரம் கொடுத்தவுடன் 'கே' வகைத் தெர்மோகப்பிள் (இரு உலோகக் கம்பிகளை இணைத்த வெப்பநிலை அளவி) 15 டிகிரி தாவுவதாகவும், நிறுத்திய கணமே இறங்கிவிடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். செம்பும் இரும்பும் ஒரு நொடியில் ஆறிவிடுவதில்லை. ஆகவே அது வெப்பமன்று, கம்பியில் ஏறும் மின் இரைச்சல். 'கே' வகை ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட்தான் தருகிறது என்பதால், கம்பியில் தூண்டப்படும் சிறு மின்னழுத்தமே அளவைக் கெடுக்கப் போதும். இரு கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கி, முனையைக் காப்டன் டேப்பால் (வெப்பம் தாங்கும் மின்காப்பு நாடா) சுருளிலிருந்து பிரித்து, காந்தத்தன்மையற்ற 'டி' வகையை வைத்துப் பாருங்கள். மீட்டர் பேட்டரியில் ஓடட்டும்.

நான் பெரிதும் நம்புவது மின்தடை முறையைத்தான்; செம்பு சூடேறினால் அதன் மின்தடையும் உயரும், அதிலிருந்து வெப்பநிலையைக் கணக்கிடலாம். 30 டிகிரியில் 2.00 ஓம் இருந்த செம்புச் சுருள், நிறுத்தியதும் 2.50 ஓம் காட்டினால் அதன் சராசரி வெப்பநிலை 96 டிகிரி. மேற்புறத்தில் ஒட்டிய தெர்மோகப்பிள் இதைவிடக் குறைவாகவே காட்டும். வேலூர்க் கோடையில் அறையே 40 டிகிரியைத் தொடுவதால், அறை வெப்பநிலையையும் உடன் குறித்துக்கொள்ளுங்கள்.